தெற்கே தலை வைத்த கட்டில்

லாரி என் தம்பியை இடித்துத் தூக்கி எறிந்த நேரத்தில் நான் என் பஸ்ஸில் ஒரு பயணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தத்தில் கை காட்டாமல் போனில் விளையாடிக்கொண்டு நின்ற ஆள், வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து கதவைக் குத்தினார். திறந்துவிட்டேன். ஏறியதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நானும் சொன்னேன். பொம்பளை பஸ் ஓட்டுகிறாள் என்றால் சிலருக்கு வாய் கொஞ்சம் நீளும். எனக்கு அதைவிட நீளம். பையில் கைப்பேசி துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்டர்சேஞ்ச் பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், அண்ணனிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

தம்பிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மழையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன், நான், அம்மா மூவரும் தோ பாயோவில் ஒரே அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஒத்துவரவில்லை, இரண்டு வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் மட்டும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி, ஞானஸ்நானமும் வாங்கி, பாசிர் ரிஸ்ஸில் தனிக்குடித்தனம்.

மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் எங்களை உட்காரவைத்து டாக்டர் நிதானமாகப் பேசினார். என்னைவிடச் சின்னவர், சீனப் பெண். மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளை வீங்குகிறது. வலது பக்கத்து மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் உயிர் தங்கலாம். ஆனால் பழைய ஆளாக எழுந்து வருவார் என்று நினைக்காதீர்கள்; சாப்பிட, குளிக்க, திரும்பிப் படுக்க, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கும். செய்யாவிட்டால் இன்றோ நாளையோ முடிந்துவிடும். "அவரால் இப்போது பேச முடிந்தால் என்ன கேட்பார்? அவரை அறிந்தவர்கள் நீங்கள்தான்" என்றார்.

நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"வேணாம்னுதான் சொல்வான். அவன் யார்கிட்டயும் ஒரு கிளாஸ் தண்ணி கேட்டதில்லை. போக விட்டுடுவோம்மா."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்து இடித்தேன். டாக்டரின் நாற்காலி தள்ளிப்போய் விழுந்தது. "போக விடணுமா? நாய்க்குட்டியாடா அவன்? கூடப் பொறந்தவன்டா!" அண்ணனை வாழ்நாளில் முதல் முறையாக 'டா' போட்டேன்.

அம்மா எழுந்து வந்து என் கையைப் பிரித்தாள். "உயிர் மட்டும் இருக்கட்டும்யா. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"இப்ப எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க. பிறகு என்னைக் கூப்பிடக் கூடாது லா, சொல்லிட்டேன்" என்றார் அண்ணன், சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே.

டாக்டரைப் பார்த்து "செய்யுங்க" என்று சொன்னவள் நான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

நான்கு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். இடது கையும் காலும் செத்துக் கிடந்தன. பேச்சு போய்விட்டது, தொண்டையிலிருந்து ஒரு கத்தல் மட்டும் வரும். வலது கை மட்டும் அப்படியே இருந்தது, பத்து வருடம் ஸ்பேனர் பிடித்த கை. அவன் வருவதற்கு முன்பு மருத்துவமனையிலிருந்து ஒரு தெரபிஸ்ட் பெண் வந்து, வாடகைக்கு எடுத்த கட்டிலைப் போட்டுக் காட்டினாள். எங்கள் வீட்டு அறை ஒடுக்கம். கட்டிலைச் சுவரை ஒட்டித்தான் போட முடியும். பொது நடைவழியைப் பார்த்த ஜன்னலடியில் தலை வரும்படி போட்டு, "இப்படியே இருக்கட்டும், மாற்றாதீர்கள்" என்றாள். மசித்த சோற்றை எப்படி ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் போடுவது, எந்த மாத்திரை எப்போது என்று இருபது விஷயங்கள் சொன்னாள். எல்லாவற்றையும் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் லிஃப்டில் இறங்கியிருக்கக்கூட மாட்டாள், அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"அது வடக்குடி."

"எது?"

"ஜன்னல் பக்கம் வடக்கு. வடக்கே தலை வச்சா மூளைக்கு ஆகாதும்பாங்க. நல்லா இருக்கிறவனே படுக்கக் கூடாது. மூளையில அடிபட்டவனை அங்க படுக்க வைப்பாங்களா?"

"அம்மா, அவங்க படிச்சவங்கம்மா."

"படிச்சவளுக்குத் திசை தெரியுமா? தெற்கே தலை வச்சா ஆயுசு கூடும். யூடியூப்ல ஒரு சாமியாரே சொல்றாரு, அது சயின்ஸாம்."

அவளோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை, மதியம் ஷிஃப்ட். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலை அரைவட்டம் சுற்றினோம். தலை கதவுப் பக்கம் வந்தது, கால் ஜன்னல் பக்கம் போனது. முன்பு சுவரோரம் இருந்திருக்க வேண்டிய இடது கை எங்கள் பக்கம் வந்தது. வலது கை சுவரோரம் போனது. "இதுவும் நல்லதுதான், முடியாத கை நம்ம பக்கம் இருந்தா பிடிச்சுவிட வசதி" என்று நான் வேறு சொன்னேன்.

அவன் வந்த மறுநாள் காலை அம்மா குளித்து, சாமி கும்பிட்டு, திருநீற்றுத் தட்டோடு அவனருகே போனாள். நெற்றியில் விரல் வைத்ததுதான் தாமதம். சுவரோரம் கிடந்த கை பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் இறங்கியது. தட்டு பறந்து அலமாரியில் மோதியது. அம்மா முகமெல்லாம் திருநீறாக நின்றாள். அவன் தொண்டை கிழியக் கத்தினான். அம்மா சிரித்துவிட்டு, "புதுசா வந்திருக்கான்ல, பழகணும்" என்றாள்.

பழகவே இல்லை. உடம்பு துடைக்கப் போனால் அடி. ஊட்டப் போனால் ஸ்பூனோடு சேர்த்துக் கையைப் பிடித்து முறுக்குவான். வீட்டு வேலைக்கு ஒரு இந்தோனேசியப் பெண்ணை வைத்தோம். பத்தொன்பது நாள் தாங்கினாள். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது கண்ணிலேயே குத்தினான். வீங்கி மூடிய கண்ணோடு ஏஜென்சிக்குப் போனவள் திரும்பவில்லை. நானாக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை, கண்ணேறுதான் என்றாள். தேக்கா சந்தைக்குப் போய்க் கல் உப்பும் கடுகும் வரமிளகாயும் கிலோக் கணக்கில் வாங்கி வந்தாள். முதலில் செவ்வாயும் வெள்ளியும். பிறகு தினமும் விளக்கு வைத்த கையோடு. உப்பு மிளகாயைக் கைக்குள் மூடி, அவன் முகத்துக்கு மேலே சுற்றுவாள். முதல் சுற்றிலேயே அவன் வெறிகொண்டு வீசுவான். உப்பு அறையெல்லாம் சிதறும். "பாத்தியா? உள்ள இருக்கிறதுக்கு உப்பு மிளகாய் ஆகல" என்பாள். அவன் அடிக்க அடிக்க இவள் சுற்றினாள். இவள் சுற்றச் சுற்ற அவன் அடித்தான். மிஞ்சியதை அடுப்பில் போட்டால் எழும் மிளகாய் நெடியில் பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி இருமும் சத்தம் கேட்கும். பாவம், ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை.

அண்ணன் போனில் கேட்டால், "நல்லா இருக்கான்யா, தேறிக்கிட்டு வர்றான்" என்பாள். முழங்கை வரை ரவிக்கை போட ஆரம்பித்தாள். ஒருநாள் குளியலறையில் அவள் முதுகைப் பார்த்துவிட்டேன். ஐயோ, அந்த முதுகு! பச்சையும் மஞ்சளுமாக. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் காலை ஷிஃப்ட் முடித்து வந்தபோது அம்மா சிங்க்கில் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. டிஷ்யூவில் முன்பல் ஒன்று இருந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு? காட்டும்மா, எந்தக் கதவு?"

அவள் டிஷ்யூவை மடித்து மூடினாள். நான் உள்ளே போய் என் தம்பியை அறைந்தேன். வேலைச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து முறைத்தான், அடித்தது சுவர் என்பதுபோல. அந்த முறைப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். "அம்மா மேல கை வைப்பியா? கை வைப்பியா?" அம்மா வந்து குறுக்கே விழுந்தாள். குறுக்கே விழுந்தவளையும் அவன் குத்தினான்.

அண்ணனைக் கூப்பிடக் கூடாது என்றிருந்தவள், அன்று கூப்பிட்டேன். அம்மா காதில் விழாமல் பேச வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவு நிலையத்தில் சந்தித்தோம். சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நர்சிங் ஹோம் விண்ணப்பத் தாள்களை நிரப்பியே கொண்டு வந்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

"ஒண்ணு அம்மா இருக்கணும், இல்ல அவன் இருக்கணும். ரெண்டு பேரும் அந்த வீட்டுல இருக்க முடியாது. யோசிச்சுப் பாரு."

"நீங்க யோசிச்சுட்டுத்தான வந்திருக்கீங்க."

"அன்னைக்கே விட்டிருந்தா அவனுக்கும் இந்தக் கொடுமை இல்லை. நீ கேக்கல. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க."

என் முன்னால் இருந்த தே தாரிக் டீ கொதிக்கக் கொதிக்க அந்த வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. நான்தான் ஊற்றினேன். அண்ணன் துள்ளி எழுந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் பிரியாணியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "அடிங்க, இன்னும் அடிங்க! உங்க குடும்பத்துக்கு அதுதான தெரியும்!" என்று கத்தினார் அண்ணன், அது என்னவோ தன் குடும்பம் இல்லை என்பதுபோல. அப்போதுதான் என் போன் அடித்தது. மலாய் ஆன்ட்டி. அவன் இழுத்த இழுப்பில் அம்மா கட்டில் கம்பியில் கை மாட்டி விழுந்திருக்கிறாள், மணிக்கட்டு மடங்கித் தொங்குகிறது, சீக்கிரம் வா என்றார்.

கையில் மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வந்த அன்றே அண்ணன் மறுபடி தாளை எடுத்தார். அம்மா கட்டுப் போடாத கையால் மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவர்மேல் எறிந்தாள். தோளில் பட்டது.

"என் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொட்டுறதுக்கு நீ யாருடா? அவன் கையால நான் செத்தா செத்துட்டுப் போறேன். எனக்கு அது மோட்சம்."

"நீ மோட்சத்துக்குப் போயிடுவ. போலீசுக்கு நானா பதில் சொல்றது?" என்று நானும் கத்தினேன். உள்ளே அவனும் கத்தினான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு அம்மா அவன் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் சம்மதிக்காமல் அவனை அந்த வீட்டைவிட்டு நகர்த்த எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

நான் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். ஊட்டுவது, துடைப்பது, புரட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஐந்தாம் நாள் அண்ணன் வந்து மாவுக்கட்டைச் சோதிக்க அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வீட்டில் நானும் அவனும்தான். டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். குனிந்து அவன் இடுப்பைத் தூக்கும்போது என் பின்னல் அவன் முகத்துக்கு நேரே விழுந்திருக்கிறது. பிடித்தான். பிடித்து இழுத்து என் தலையைக் கட்டில் கம்பியில் அடித்தான். ஒருமுறை. இன்னொருமுறை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றை எடுத்து அவன் வலது மணிக்கட்டைச் சுவரோரக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். இரண்டு முடிச்சு. பிறகு அடித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் வரிசையை மாற்றிச் சொல்லக் கூடாது: கட்டினேன், பிறகு அடித்தேன். முகத்தில், தோளில், மார்பில். எத்தனை என்று தெரியாது. "செத்துத் தொலைஞ்சிருக்கலாம்ல! அன்னைக்கே செத்துத் தொலைஞ்சிருக்கலாம்ல!" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். டாக்டரிடம் "செய்யுங்க" என்று சொன்ன அதே வாய். அவன் கத்தவில்லை. கட்டிய கையை இழுத்து இழுத்துப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். என் கை வலித்த பிறகுதான் நிறுத்தினேன்.

முடிச்சை அவிழ்த்தேன். ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்தேன், பவுடர் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் சத்தம் கேட்டு, அம்மாவும் பின்னாலேயே அண்ணனும் உள்ளே வந்தார்கள். அண்ணன் என் புருவத்தைப் பார்த்து, "ஐயோ, உன்னையுமா?" என்றார். அம்மா அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றவில்லை. அண்ணனிடம் போய், "நீ சொன்ன இடத்துலயே விட்டுடுய்யா. சீக்கிரம் விட்டுடு" என்றாள். கை வலி பொறுக்க முடியவில்லைபோல, கடைசியில் புத்தி வந்ததே என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

இடம் கிடைக்க மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் நான் அவன் அறைக்குள் போனால் அம்மாவும் கூடவே வந்தாள், மாவுக்கட்டுக் கையோடு. கூட்டிப்போக வந்த இரண்டு ஆட்களையும் அவன் சும்மா விடவில்லை. ஒருவரின் கண்ணாடியை உடைத்தான். தூக்குப் படுக்கையில் பட்டை போட்டுக் கட்டித்தான் லிஃப்டில் இறக்கினார்கள். கீழ்த்தளத்தில் செஸ் விளையாடிக்கொண்டிருந்த கிழவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வண்டிக் கதவு மூடும்வரை அவன் கத்தல் கேட்டது. அம்மா அழவில்லை.

நர்சிங் ஹோமுக்கு நான் முதல் ஆறு வாரம் போகவில்லை. ஷிஃப்ட், ஓவர்டைம் என்று காரணம் சொன்னேன். அம்மா தினமும் போனாள், இரண்டு பஸ் மாறி. ஏழாவது வாரம் போனபோது, ஒரு நர்ஸ் என் தம்பிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண். கழுத்தில் ரேஸர் ஓடுகிறது. அவன் பூனைபோலக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பாத்து சிஸ்டர், அடிச்சிருவான்!"

"இவரா? இவர் யாரையும் அடிக்கிறதில்லையேக்கா. வந்த முதல் நாள் மட்டும்தான்."

"எங்க வீட்டுல எல்லாரையும் அடிச்சான். எங்க அம்மா பல்லையே உடைச்சிட்டான்."

அவர் ரேஸரைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கமாக்கா வருவீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கட்டிலின் காலடியில் நிறுத்தி, தன் கையை அவனுடைய இடது காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். அவன் கண் அசையவில்லை. கை மூக்குக்கு நேரே வந்ததும் உடம்பு தூக்கிப் போட்டது, வலது கை எழுந்தது. அவர் பின்வாங்கிக்கொண்டார். பிறகு அதே கையை வலது பக்கமிருந்து கொண்டுவந்தார். அவன் அதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், நெற்றியைத் தொடவும் விட்டான்.

"இடது பக்கம்னு ஒண்ணே இவருக்குக் கிடையாதுக்கா. கண்ணு நல்லா இருக்கு, மூளைதான் அந்தப் பக்கத்தை எடுத்துக்காது. அங்கிருந்து வர்ற கை திடீர்னு மூஞ்சியில முளைச்ச மாதிரி இருக்கும். நீங்களா இருந்தா அடிக்க மாட்டீங்களா? ஹாஸ்பிடல்ல சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியில் இருந்த தாளைப் படித்தேன். 'வலது பக்கமாக மட்டுமே அணுகவும்' என்று நான்காவது வரியில் இருந்தது. அதற்காகத்தான் அந்தப் பெண் அவன் இடது பக்கத்தைச் சுவரில் ஒட்டி, வலது பக்கத்தை எங்களுக்குத் திறந்து வைத்தாள். நாங்கள் தெற்கே தலை வைக்கிறோம் என்று கட்டிலைத் திருப்பி, பார்க்கிற பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, பார்க்காத பக்கத்தில் வரிசையாகப் போய் நின்று அடி வாங்கினோம். நான் பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒரு சைக்கிள்காரன் இருப்பான் என்று நினைத்தே திரும்பு, இதுதான் எனக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டுக்குள் ஒரு நொடிகூட அது தோன்றவில்லை. அடச்சே, என்ன ஜென்மம் நான்!

அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. தப்பு எது என்று தெரிந்துவிட்டது, திருத்திவிட்டால் தீர்ந்தது. மறுநாள் லீவ் நாள். அம்மா அவனைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், தனியாளாகக் கட்டிலை இழுத்துத் திருப்பினேன். தலை ஜன்னலடிக்கு வந்தது. புதிதாக ஒரு விரிப்புகூட வாங்கி விரித்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்றார்.

அம்மா வந்ததும் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய்க் காட்டினேன். நர்ஸ் காட்டியது, தாளில் இருந்தது, எல்லாம் சொன்னேன். "அவன் வேணும்னு அடிக்கலம்மா. கண்ணேறும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாமதாம்மா. நாமதான் கட்டிலைத் திருப்பினோம்."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு உடைந்து அழுதாள். "நானே போய் நானே போய் அவனைப் பயமுறுத்தியிருக்கேன். உப்பைச் சுத்திச் சுத்திப் பயமுறுத்தியிருக்கேன்." தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போனது போகட்டும்மா. அடுத்த வாரமே கூட்டிட்டு வந்துடலாம். அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்."

அழுகை நின்றது. அவள் தன் கையை என் கைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டாள்.

"வேணாம்."

"ஏம்மா? நீதானம்மா விட மாட்டேன்னு டம்ளரைத் தூக்கி எறிஞ்ச!"

"எறிஞ்சேன். அவன் எத்தனை அடிச்சாலும் வச்சிருந்திருப்பேன்." அம்மா ஜன்னலைக் காட்டினாள். "அன்னைக்குக் கட்டுப் பாத்துட்டு வந்தோமே. உங்கண்ணன் கார் நிறுத்தப் போயிட்டான். நான் முதல்ல மேல வந்தேன். கையில கட்டு, கேட்டைத் திறக்க முடியல. சரி, ஜன்னல் வழியா உன்னைக் கூப்பிடலாம்னு வந்தேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கூப்பிட வாய் வரலடி. நீ முடிக்கிற வரைக்கும் அங்கயேதான் நின்னேன். அவன் தெரியாம அடிச்சான், எங்கிருந்து கை வருதுன்னு தெரியாம. நீ அவன் கையைக் கட்டிட்டு அடிச்ச." அவள் குரல் உயரவே இல்லை. "கையில அடிபட்டதுக்காகவா அவனை விட்டேன்? நீ வேலைக்குப் போய்த் தினம் வீட்டுக்கு வருவியே, அதுக்காக விட்டேன். கட்டிலை எந்தத் திசையில வேணா போடு. நீ இருக்கிற வீட்டுக்கு அவன் வர வேணாம்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அண்ணனிடம் காரணம் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. கட்டிலை அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். நான் வாரம் மூன்று நாள் போகிறேன், வலது பக்கமாகப் போய் நிற்கிறேன். என்னைப் பார்க்கிறான், அடிப்பதில்லை. அம்மாவும் அங்கே இருப்பாள். நான் இருக்கிற நேரம் முழுக்க அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதில்லை, கழிவறைக்குக்கூடப் போவதில்லை.